அமெரிக்காவைத் தனியாகக் கடக்க: மூன்று ரயில் இரவுகள், நடுவில் மூன்று நாள் கார்

நியூயார்க்கில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவில் முடிக்கப் போகிறேன், கூட ஆள் இல்லை என்று சொன்னால், அங்கே இருக்கும் நண்பர்களில் பாதிப் பேர் "கார் எடுத்துடு" என்பார்கள். அவர்கள் போனபோது பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டியிருப்பார்கள். ஒருவரே ஓட்டினால் கணக்கு வேறு. ஐ-80 நெடுஞ்சாலை ஏறத்தாழ 2,900 மைல். மணிக்கு 65 மைல் என்று வைத்தாலே 45 மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். தினம் ஏழரை மணி நேரம் ஓட்டினாலும் ஆறு நாள் சாலையிலேயே போய்விடும். அதில் நெப்ராஸ்கா மாநிலத்தைத் தாண்டவே 455 மைல், இரண்டு பக்கமும் சோளக்காடுதான். போதாக்குறைக்கு, ஓர் ஊரில் எடுத்த காரை வேறு ஊரில் விட்டால் பல நூறு டாலர் தனிக் கட்டணம் போடுவார்கள்.

ரயிலிலேயே முழுக்கப் போகலாம் என்பவர்கள் இன்னொரு பக்கம். மேற்கு மாநிலங்களின் பாறை நிலமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைந்துவிடும், இறங்கி நடக்க வழியிருக்காது. அங்கே கார் இல்லாதவருக்குக் கால் இல்லாத மாதிரி.

எனவே எங்கள் யோசனை இதுதான்: சமவெளியை ரயிலில் தூங்கிக் கடந்துவிடுங்கள். கொலராடோ மாநிலத்தின் மேற்கோரத்தில் உள்ள கிராண்ட் ஜங்ஷனில் இறங்கி, மூன்று நாள் காரில், செம்பாறைப் பூங்காக்களுக்கு அருகே உள்ள யூட்டா மாநிலத்து மோவாப் ஊர்ப் பக்கம் சுற்றிவிட்டு, காரை எடுத்த இடத்திலேயே விட்டு, அதே ரயில் வழித்தடத்தில் மேற்கே தொடருங்கள். வேறு ஊரில் விடும் கட்டணம் மிச்சம். இன்னொரு லாபமும் உண்டு. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை ஒரே மூச்சில் 52 மணி நேரம் உட்காருவதற்குப் பதில், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஓர் இரவுதான் ரயிலில் கழியும்.

வழித்தடம்

முதல் வண்டி லேக் ஷோர் லிமிடெட், நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு 959 மைல், சுமார் 20 மணி நேரம். பிற்பகலில் கிளம்பி மறுநாள் காலை சேரும். ஏறுமிடம் மொய்னிஹன் ட்ரெயின் ஹால். வண்டி வடக்கே போகும்போது ஹட்சன் ஆறு இடப் பக்கம் வரும், அந்தப் பக்கமே உட்காருங்கள். ஆல்பனி தாண்டினால் இருட்டிவிடும். இரவெல்லாம் பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை.

இரண்டாவது கலிஃபோர்னியா செஃபிர். சிகாகோவில் பிற்பகல் இரண்டு மணிவாக்கில் கிளம்பி, மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல் டென்வர், மாலை நான்கு மணியளவில் கிராண்ட் ஜங்ஷன். அங்கிருந்து மூன்றாவது துண்டும் அதே பெயருள்ள வண்டிதான். மாலை நான்கு மணிக்கு ஏறினால் மறுநாள் மாலை கலிஃபோர்னியாவின் எமரிவில். அட்டவணை அவ்வப்போது மாறும், டிக்கெட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள். டிக்கெட்டில் அச்சாகும் நேரமெல்லாம் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இந்த வழியில் நான்கு நேர மண்டலங்களைக் கடக்கிறீர்கள். மேற்கே போகப் போகக் கடிகாரம் பின்னால் போகும், போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரத்தை நீங்கள்தான் திருப்ப வேண்டும்.

எப்போது போவது? ஏப்ரல் கடைசி முதல் மே முடிய, அல்லது செப்டம்பர் நடு முதல் அக்டோபர் முடிய. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மோவாபில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். வேலூர் வெயிலைப் பார்த்தவர்தானே என்று நினைக்க வேண்டாம். அங்கே காற்றில் ஈரமே இருக்காது, வியர்வை தெரியாமலேயே உடம்பு வறண்டுவிடும்.

டிக்கெட் எடுக்கும்போது

இந்த ரயில்களை ஓட்டும் ஆம்ட்ராக் நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ எடுங்கள். விமான டிக்கெட் போலவே முன்கூட்டி எடுத்தால் மலிவு, இடம் குறையக் குறைய விலை ஏறும். நியூயார்க்–சிகாகோ, சிகாகோ–கிராண்ட் ஜங்ஷன் இரண்டையும் ஒரே முன்பதிவில் போடுவது முக்கியம். அப்படிப் போட்டால், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் உங்களை அடுத்த வழியில் அனுப்புவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சிகாகோவில் இடைவெளி நான்கு மணி நேரம்தான், லேக் ஷோர் தாமதமாவதும் புதிதல்ல. நகரத்தையும் பார்க்க ஆசை என்றால் நடுவில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். டெவன் அவென்யூவில் இந்தியச் சாப்பாடும் மளிகையும் கிடைக்கும். நான்கு மணி நேர இடைவெளியில் அங்கே ஓடிப் போய்த் திரும்பும் வேலை மட்டும் வேண்டாம்.

499 டாலருக்கு யூ.எஸ்.ஏ. ரயில் பாஸ் என்று ஒன்று விற்கிறார்கள், 30 நாளில் 10 துண்டுப் பயணம். வண்டியில் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு துண்டு. இந்தப் பயணத்துக்கு மூன்று துண்டுதான் ஆகிறது, எனவே முன்கூட்டி எடுத்த தனி டிக்கெட்டுகளே பெரும்பாலும் மலிவாக முடியும். நியூ ஆர்லியன்ஸ், சியாட்டில் என்று இன்னும் ஐந்தாறு துண்டு சேர்ப்பவர் பாஸ் வாங்கலாம். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக இடம் பதிய வேண்டும், சாதாரண கோச் இருக்கை மட்டும்தான் கிடைக்கும்.

கோச் இருக்கை நம்மூர்ச் சொகுசுப் பேருந்து இருக்கையைவிட அகலம், கால் நீட்டத் தாங்கியும் உண்டு. முழுக்கப் படுக்க முடியாது. ரூமெட் என்பது ஒன்றேகால் மீட்டருக்கும் குறைவான அகலத்தில் ஒரு சின்ன அறை. எதிரெதிர் இருக்கைகள் இரண்டும் இரவில் படுக்கையாகும், சாப்பாடு விலையிலேயே அடக்கம், வண்டியில் குளியலறையும் உண்டு. விலை கோச்சைப் போலப் பல மடங்கு. அறைக்கு விலை போடுவதால் தனியாகப் போகிறவருக்குத்தான் அது கூடுதல் வலி. பணம் ஒரே ஓர் இரவுக்குத்தான் இருக்கிறது என்றால் மூன்றாவது துண்டுக்கு எடுங்கள். மூன்று நாள் பாறையில் நடந்து செம்மண் பூசிக்கொண்டு வந்த உடம்புக்கு அன்றுதான் குளியலும் படுக்கையும் வேண்டும். முதல் இரண்டு இரவுகளைக் கோச்சிலேயே ஒப்பேற்றலாம்.

இந்திய வங்கி அட்டை என்றால் கிளம்புமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். ஓ.டி.பி. வர வேண்டுமே, எனவே இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கையும் ஊரிலேயே இயக்கிவிடுங்கள். அங்கே போய் இயக்கப் பார்த்தால் அதற்கே ஓ.டி.பி. கேட்டு நிற்கும்.

ரயிலுக்குள்

கோச்சில் ஏறியதும் பணியாளர் இருக்கை சொல்வார். ஜோடியாக வருபவர்களுக்கு இரட்டை இருக்கையைக் கொடுத்துவிட்டு, தனி ஆளை யாராவது ஒருவர் பக்கத்தில் போடுவது வழக்கம். ஜன்னலோரம் வேண்டும் என்று ஏறும்போதே பணிவாகக் கேளுங்கள். தனியாக வரும் பெண்கள், இன்னொரு பெண் பக்கத்தில் இடம் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். டிக்கெட் பார்த்ததும், நீங்கள் இறங்கும் ஊரின் மூன்றெழுத்துக் குறியை எழுதிய துண்டுச்சீட்டை இருக்கைக்கு மேலே செருகிவிட்டுப் போவார்கள். அதைத் தொடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் இறங்கும் ஊர் வருமுன் வந்து எழுப்புவார்கள். இடம் மாறினால் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். சீட்டில்லாத இருக்கையைக் காலி என்று வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கோச்சில் போர்வை, தலையணை தரமாட்டார்கள். ஏ.சி. இரவில் எலும்பைத் தொடும். ஒரு கம்பளிச் சால்வை, கழுத்துத் தலையணை, கனமான சாக்ஸ், கண்மூடி இந்த நான்கும் இருந்தால் தூக்கம் வரும். இருக்கைக்கு அருகே மின் இணைப்பு உண்டு, 120 வோல்ட், தட்டை முள் ப்ளக். நம் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ப்ளக் மாற்றி மட்டும் போதும். செஃபிரில் வைஃபை கிடையாது. மலைக்குள் போன் சிக்னலும் மணிக்கணக்கில் போய்விடும். டிக்கெட், ஹோட்டல் விவரம், வரைபடம் எல்லாவற்றையும் சிகாகோவிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இருபக்கமும் உயரக் கண்ணாடி வைத்த பார்வைப் பெட்டி ஒன்று செஃபிரில் இருக்கிறது. கோச் பயணி, ரூமெட் பயணி எல்லோருக்கும் பொது, முன்பதிவு இல்லை. டென்வரில் ஒரு கூட்டம் ஏறும், அவர்கள் நேராக அங்கேதான் வருவார்கள். எனவே டென்வர் வருமுன்பே காலை ஏழு மணிக்குப் போய் இடம் பிடியுங்கள். அந்த நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம்போல் வண்டி நிற்கும். காபிக்கு இறங்குவதா, இடத்தைக் காப்பதா என்பது உங்கள் முடிவு. எங்கள் ஓட்டு இடத்துக்கு.

ஏனென்றால் அடுத்த எட்டு மணி நேரம்தான் மொத்தப் பயணத்தின் உச்சம். டென்வரை விட்டதும் வண்டி பெரிய வளைவுகளில் ஏறத் தொடங்கும். ஒரு வளைவின் ஓரத்தில் பழைய சரக்குப் பெட்டிகள் மண் நிரப்பி வரிசையாக நிற்பதைக் கவனியுங்கள். மலையிலிருந்து இறங்கும் காற்று வண்டியைக் கவிழ்த்துவிடாமல் தடுக்க வைத்த சுவர் அது. பிறகு குட்டிக் குட்டிக் குகைகள், கடைசியில் 1928இல் திறந்த 6.2 மைல் நீள மொஃபட் சுரங்கம். உள்ளே இருக்கும் பத்து நிமிடத்துக்குப் பெட்டி விட்டுப் பெட்டி நடக்கக் கூடாது என்று அறிவிப்பார்கள். கதவைத் திறந்தால் டீசல் புகை உள்ளே வந்துவிடும். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் விழும் மழை அட்லான்டிக் பக்கம் ஓடுகிறது, அந்தப் பக்கம் விழுவது பசிபிக் பக்கம். அதன்பின் கொலராடோ ஆறு கூடவே வரும், இருநூறு மைலுக்கும் மேல். ஆற்றில் ரப்பர் படகில் வருகிறவர்கள் ரயிலைக் கண்டால் கால்சட்டையை இறக்கிப் பின்பக்கம் காட்டுவது அங்கே நெடுநாள் வழக்கம். பதறாதீர்கள், எதற்கும் கேமராவை அந்த நேரத்தில் சற்றுத் தாழ்த்தி வையுங்கள்.

இடையில் சில ஊர்களில் காற்று வாங்க இறங்க விடுவார்கள். எத்தனை நிமிடம் என்று பணியாளரிடமே கேட்டு, பெட்டியின் கதவுக்கு எதிரிலேயே நில்லுங்கள். தாமதத்தைச் சரிக்கட்ட முன்னதாகவே கிளம்பப் பார்ப்பார்கள், ஆள் எண்ணிப் பார்த்து ஏற்றமாட்டார்கள்.

தாமதம் ஏன் வருகிறது என்று தெரிந்தால் கோபம் குறையும். சிகாகோவுக்கு மேற்கே தண்டவாளம் ஆம்ட்ராக்குக்குச் சொந்தமில்லை, சரக்கு ரயில் நிறுவனங்களுடையது. இரண்டு மைல் நீளச் சரக்கு வண்டி எதிரே வந்தால், ஒதுங்கும் தடத்தில் அடங்காது என்பதால் பயணிகள் வண்டிதான் ஒதுங்கி நிற்கும். இரண்டு மூன்று மணி நேரத் தாமதத்தைக் கணக்கில் சேர்த்தே திட்டமிடுங்கள்.

கிராண்ட் ஜங்ஷனில் கார்

கார் வாடகைக் கவுன்ட்டர்கள் விமான நிலையத்தில் இருக்கின்றன, ரயில் நிலையத்திலிருந்து டாக்சியில் கால் மணி நேரம். வண்டி மாலை நான்கு மணிக்கு வரும் என்று நம்பி அன்று ஐந்து மணிக்கே கார் பதிந்தால், ரயில் தாமதமாகும் அன்று கவுன்ட்டர் மூடியிருக்கும், பதிவும் கழன்றுபோகும். விமானப் பயணி என்றால் விமான எண்ணை வைத்துக் காத்திருப்பார்கள், ரயிலுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அன்றிரவு ரயில் நிலையத்துக்கு அருகே நகர மையத்தில் தங்கி, மறுநாள் காலை போய் எடுங்கள். வாடகை 24 மணி நேரக் கணக்கு. காலை 11 மணிக்கு எடுத்தால் மூன்று நாள் கழித்து அதே 11 மணிக்குள் விட வேண்டும். ஓரிரு மணி நேரம் தாண்டினாலும் ஒரு நாள் வாடகை ஏறக்கூடும்.

கவுன்ட்டரில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஓட்டுநர் உரிமத்தில் வெறும் இனிஷியல், கிரெடிட் கார்டில் வேறொரு வரிசை. மூன்றும் ஒரே ஆள்தானா என்று அந்த ஊழியர் குழம்பினால் காரைத் தரமாட்டார். கிளம்ப இரண்டு மாதம் முன்பே வங்கியிடம் சொல்லி, கார்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை அச்சிட்டு வாங்குங்கள். கார்டு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும், டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4-ஏ, ஓராண்டு செல்லும். அது உங்கள் உரிமத்துக்குத் துணை மட்டுமே, அசல் உரிமமும் கையில் வேண்டும். 25 வயதுக்குக் கீழே என்றால் தினசரி கூடுதல் கட்டணம் உண்டு.

காப்பீட்டில் இரண்டு தனித்தனி விஷயங்கள். காருக்கு வரும் சேதத்துக்கு ஒன்று, நீங்கள் அடுத்தவர் மேல் மோதினால் வரும் பொறுப்புக்கு இன்னொன்று. முதலாவதை எல்லோரும் வாங்குகிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். ஆபத்து இரண்டாவதில்தான். கொலராடோவில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் ஒருவர் காயத்துக்கு 25,000 டாலர். ஓர் ஆஸ்பத்திரி வாசத்துக்கு அது உறைபோடக் காணாது. அமெரிக்காவில் சொந்தக் கார்க் காப்பீடு இல்லாத பயணி, கூடுதல் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். வாடகை நிறுவனத்தின் வெளிநாட்டுப் பயணிகளுக்கான இணையப் பக்கத்தில் பதிந்தால் இரண்டும் விலையிலேயே சேர்ந்து வருவதுண்டு, ஒப்பிட்டுப் பாருங்கள்.

சின்னக் கார் போதும். நீங்கள் போகும் சாலைகள் எல்லாம் தார். மண் சாலையில் இறக்கினால் ஒப்பந்தப்படி காப்பீடு செல்லாமல் போகலாம். வெளியே எடுக்குமுன் நான்கு பக்கமும், சக்கரங்களும், முன் கண்ணாடியில் உள்ள சில்லுகளும், பெட்ரோல் முள்ளும் தெரிய வீடியோ எடுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். பல கார்களில் காற்றடிக்கும் கருவி மட்டும்தான் இருக்கும்.

ஓட்டும்போது

வலப்பக்கச் சாலை, இடப்பக்க ஸ்டியரிங். முதல் அரை மணி நேரம் வாகன நிறுத்தத்திலேயே சுற்றுங்கள். நேர் சாலையில் யாரும் தவறுவதில்லை. காலியான பெட்ரோல் பங்கிலிருந்து இடப்பக்கம் திரும்பி வெளியே வரும்போதுதான் கை பழக்கத்தில் தப்பான பக்கம் போகும். ஓட்டுநராகிய நீங்கள் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும், அது மாறினால் ஏதோ தவறு.

ஸ்டாப் பலகையில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், மெதுவாக்குவது போதாது. நாலாபக்கமும் ஸ்டாப் என்றால் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார், ஒரே நேரம் என்றால் வலப்பக்கம் நிற்பவர். சிவப்பு விளக்கில் முழுதாக நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம், தடைப் பலகை இல்லாத இடங்களில். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மினுக்கி நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசைக்காரரும் நிற்க வேண்டும். யூட்டாவில் குடித்து ஓட்டும் வரம்பு 0.05, மற்ற மாநிலங்களைவிடக் கடுமை. ஒரு பீரைக்கூட ஓட்டி முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் கார் பின்னால் விளக்குப் போட்டால் வலது ஓரம் ஒதுங்கி நிறுத்தி, காரிலேயே உட்கார்ந்திருங்கள். நம்மூரில் இறங்கிப் போய் "சார்" என்று பேசுவோமே, அதைச் செய்யவே கூடாது. இறங்கி அவரை நோக்கி நடப்பது அங்கே மிரட்டலாகத் தெரியும். கண்ணாடியை இறக்கி, இரு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்திருங்கள். ஆவணம் கேட்டால், எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

பெட்ரோலை அங்கே கேஸ் என்பார்கள். பம்ப்பில் கார்டு செருகினால் ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கும், நம் பின்கோடு ஆறு இலக்கம், கார்டு தள்ளுபடியாகும். உள்ளே போய் பம்ப் எண்ணைச் சொல்லி "40 டாலர்" என்று முன்பணம் கட்டுங்கள், மிச்சம் திரும்பிவிடும். பச்சைப் பிடி பெரும்பாலும் டீசல், கவனம். மோவாப் போகும் வழியில் ஃப்ரூட்டா ஊரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். அதன்பின் நெடுந்தூரம் ஒன்றும் கிடையாது.

மூன்று நாளில் மோவாப்

கிராண்ட் ஜங்ஷனிலிருந்து மோவாப் ஏறத்தாழ 110 மைல். ஐ-70இல் மேற்கே போய் 191ஆம் சாலையில் இறங்குவது வேகமான வழி. போகும்போது சிஸ்கோ பக்கம் இறங்கி 128ஆம் சாலையைப் பிடியுங்கள். 44 மைல், கொலராடோ ஆற்றை ஒட்டிச் செங்குத்துச் செம்பாறைகளுக்கு நடுவே போகும். பகலில் மட்டும் போங்கள். பொழுது சாயும் நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும், தனியாக ஓட்டுபவருக்கு "அதோ மான்" என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

இயற்கையான பாறை வளைவுகள் நிறைந்த ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாயில் மோவாபுக்கு வடக்கே ஐந்து மைலில் இருக்கிறது. கார் ஒன்றுக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர் ஆகிவிட்டது, யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகவும் வாங்குகிறார்கள். ஆர்ச்சஸும் பக்கத்துக் கேன்யன்லேண்ட்ஸும் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டுவதே மலிவு. நேரம் குறித்த நுழைவுச் சீட்டு சில ஆண்டுகளில் வைத்திருந்தார்கள், போகும் மாதத்து விதியைப் பூங்கா இணையதளத்தில் பாருங்கள்.

டெலிகேட் ஆர்ச் பாதை போய்வர மூன்று மைல், இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். நிழல் துளியும் இல்லை, காலை ஏழு மணிக்கு முன் தொடங்குங்கள். பாதி தூரத்தில் மண் பாதை மறைந்து வழவழத்த பாறைச் சரிவு வரும், கோடு எதுவும் இராது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு கல் குவியல்கள்தான் வழிகாட்டி. ஒரு குவியலில் நின்று அடுத்தது கண்ணில் பட்டபின்தான் நகர வேண்டும், படாவிட்டால் முந்தைய குவியலுக்குத் திரும்புங்கள். கடைசி இருநூறு கெஜம் பாறை விளிம்பு, ஒருபக்கம் சுவர், மறுபக்கம் சரிவு. ஈரமோ பனியோ இருந்தால் அங்கே வழுக்கும். தண்ணீர் குறைந்தது இரண்டு லிட்டர். பாதித் தண்ணீர் தீர்ந்தால் எங்கிருந்தாலும் திரும்பிவிடுவது தனி ஆளுக்கான விதி.

பாதையை விட்டுக் கருப்பாகச் சொரசொரவென்று மேடுபள்ளமாகத் தெரியும் மண்ணில் கால் வைக்காதீர்கள். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து பின்னிய உயிருள்ள மேலோடு அது, ஒரு காலடித் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். புகைப்படத்துக்காக இரண்டடி ஒதுங்குபவர்கள்தான் அதிகம் கெடுப்பது.

இரண்டாம் நாள் கேன்யன்லேண்ட்ஸின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி. மோவாபிலிருந்து முக்கால் மணி நேரம். மெசா ஆர்ச்சை விடியலில் பாருங்கள், நடை அரை மைலுக்குச் சற்று அதிகம்தான். உள்ளே சாப்பாடும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. திரும்பும் வழியில் டெட் ஹார்ஸ் பாயின்ட், அது மாநிலப் பூங்கா, கட்டணம் தனி. மூன்றாம் நாளை ஆர்ச்சஸில் விட்டதற்கு வையுங்கள். நேரம் மிஞ்சினால் கிராண்ட் ஜங்ஷன் அருகே கொலராடோ தேசிய நினைவுச் சின்னத்தின் 23 மைல் மலைவிளிம்புச் சாலையை ஓட்டிப் பாருங்கள்.

எந்தப் பாதைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியிலிருந்து கிளம்புமுன்பே ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள், பூங்காவுக்குள் சிக்னலை நம்ப முடியாது. "இத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் பூங்கா அலுவலகத்தைக் கூப்பிடு" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதி உண்டு, அதை இயக்கும் முறையை ஊரிலேயே பழகுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் மழையில் வறண்ட ஓடைகள் நிமிடத்தில் பெருக்கெடுக்கும். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் தொலைவில் கருத்திருந்தால் ஓடைப் பள்ளத்தில் இறங்க வேண்டாம்.

மோவாபில் வார இறுதி விடுதி வாடகை எகிறும், திங்கள் முதல் வியாழன் வரை அமைத்தால் நன்று. விடுதியில் வரியும், திருப்பித் தரும் முன்பணமும் கார்டில் தனியாகப் பிடிப்பார்கள். வரவேற்பு ஊழியர் மற்றவர் காதில் விழும்படி அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள், அது கேட்கத் தகுந்த கோரிக்கைதான்.

சைவக்காரர்களுக்கு

"வெஜிடேரியன்" என்று சொன்னால் மட்டும் போதாது. மெக்சிகன் கடைகளில் சோற்றைக் கோழி ரசத்தில் வேகவைப்பதுண்டு, மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. இரண்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள். அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி இருக்கிறது. சில தயிர்களில் ஜெலட்டின் இருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சிப்போட்லேயின் சோறும் பீன்ஸும், டாகோ பெல்லின் பீன்ஸும் சைவம், பல ஊர்களில் அகப்படும்.

ரயிலில் உங்கள் இருக்கையில் சொந்தச் சாப்பாடு சாப்பிடலாம். கஃபேயில் கேட்டால் வெந்நீர் தருவார்கள், அவலும் பருப்புப் பொடியும் கைகொடுக்கும். ஊரிலிருந்து பொடி, தொக்கு, ஊறுகாய் கொண்டுபோவதில் சிக்கல் இல்லை, சுங்கப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். அரிசி, கொண்டைக்கடலை, பழம், விதை, இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம். மறைத்துப் பிடிபட்டால் அபராதம், சொல்லியிருந்தால் வெறும் பறிமுதலோடு போகும்.

உணவு பரிமாறும் கடைகளில் டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் வழக்கம். ரூமெட்டில் சாப்பாடு விலையில் அடக்கம் என்றாலும் பரிமாறுபவருக்கு வேளைக்குச் சில டாலர் வைப்பார்கள். உணவுப் பெட்டியில் தனி ஆளை மூன்று அந்நியர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். எங்கிருந்து, எங்கே என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குவது அங்கே இயல்பு.

காகிதங்களும் காப்பீடும்

விசா முத்திரையில் உள்ள தேதியைப் பார்த்துத் தங்கும் நாளைக் கணக்கிடாதீர்கள். குடியேற்ற அதிகாரி அனுமதித்த கடைசி நாள் ஐ-94 பதிவில் இருக்கும், அதிகாரபூர்வ இணையதளத்தில் எடுத்து அச்சிட்டு பாஸ்போர்ட்டோடு வையுங்கள். இரண்டும் எப்போதும் உடம்பிலேயே இருக்கட்டும். நியூயார்க் மாநில ஏரிக்கரை ஊர்களில் எல்லைக் காவலர்கள் ரயிலில் ஏறி ஆவணம் கேட்டதுண்டு. விமான நிலையத்தில் தனியாக வருபவரிடம் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ரயில், கார், விடுதி முன்பதிவுகளைத் தேதி வரிசையில் ஒரே தாளில் காட்டினால் சுருக்கமாக முடியும்.

மருத்துவக் காப்பீட்டில் "ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு" என்று நிர்ணயித்த தொகை தரும் வகை மலிவாக இருக்கும், அதை வாங்காதீர்கள். ஆஸ்பத்திரி பில்லில் அது ஒரு மூலைக்குத்தான் வரும், மிச்சம் உங்கள் தலையில். பில்லை அடிப்படையாக வைத்துத் தரும் முழுமையான வகையே வேண்டும். மாத்திரைகளை அசல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள்.

கடைசித் துண்டு

கிராண்ட் ஜங்ஷனில் ஏறியதும் சூரியன் சாயும் வரை பார்வைப் பெட்டியில் இருங்கள், யூட்டா எல்லையில் ஆற்றை ஒட்டிய சிவந்த பள்ளத்தாக்கு வரும். சால்ட் லேக் சிட்டி நள்ளிரவுக்கு முன்பின், நெவாடா பாலைவனம் தூக்கத்தில் போகும். காலையில் ரீனோ. அதன்பின் சியரா நெவாடா ஏற்றம், டோனர் ஏரி கீழே தெரியும். 1869இல் முடிந்த முதல் கண்டம் கடந்த ரயில்பாதை இந்த மலையைத்தான் ஏறிக் கடந்தது.

மாலை எமரிவில்லில் இறங்கினால் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆம்ட்ராக் பேருந்து காத்திருக்கும், டிக்கெட் எடுக்கும்போதே சேரும் இடமாக சான் பிரான்சிஸ்கோவைப் போட்டால் அதுவும் சேர்ந்துவிடும். கைப்பையோடு மட்டும் வந்தால் அதற்கு முந்தைய ரிச்மண்டில் இறங்குங்கள். அதே நிலையத்தில் பார்ட் மின்ரயில் ஏறலாம், நகரத்துக்குள் நேரே போகும். பெட்டியைச் சரக்கில் போட்டிருந்தால் ரிச்மண்டில் கிடைக்காது, எமரிவில் வரை போயாக வேண்டும். ஊருக்குத் திரும்பும் விமானத்தை அன்றிரவுக்குப் போடாதீர்கள், மறுநாள் பிற்பகலுக்கு மேல் போடுங்கள்.